ஒப்புக்கொண்டால் ஐந்து, மறுத்தால் ஆயுள்: ராமநாதனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள ராமநாதன்,

உன் கடிதம் கிடைத்தது. தேன்மொழி வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டாள் என்று படித்து மிகவும் மகிழ்ந்தேன். அவளுக்கு என் வாழ்த்தைச் சொல்.

அமெரிக்க ஃபெடரல் (மத்திய அரசு) நீதிமன்றங்களில் குற்றம் சாட்டப்பட்டவரும் அரசு வழக்கறிஞரும் பேரம் பேசி வழக்கை முடிப்பது நியாயமா என்று கேட்டிருக்கிறாய். தவறு செய்தவன் ஒப்புக்கொண்டால் தண்டனை கொஞ்சம் குறையலாம். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் எவ்வளவு குறையும், மறுத்தால் எவ்வளவு ஏறும் என்பதை வழக்கின் ஒரு தரப்பே, அதாவது அரசு வழக்கறிஞரே தீர்மானிக்கிறார். என் மனம் ஆறாத இடம் இதுதான்.

2018 நிதியாண்டில் ஃபெடரல் வழக்கு முடிந்தவர்கள் 79,704 பேர். அவர்களில் 90 சதவீதம் பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். 8 சதவீதம் பேர் மீதான வழக்குகள் தள்ளுபடியாயின. விசாரணைக்குப் போனவர்கள் 2 சதவீதம்தான், அதில் விடுதலை பெற்றவர்கள் 320 பேர். இந்த எண்களைப் பார்த்தபின் ஜூரி விசாரணை உரிமை என்று பெருமையாகப் பேச எனக்கு வாய் வரவில்லை.

ஃபெடரல் தண்டனை வழிகாட்டியில் ஒரு அட்டவணை உண்டு. பழைய குற்றப் பதிவு இல்லாத ஒருவரின் குற்ற நிலை, அதாவது குற்றத்தின் கடுமையைக் காட்டும் எண், 26 என்று வை. அவருக்குரிய வரம்பு 63 முதல் 78 மாதம். ஒப்புக்கொண்டால் 2 நிலை குறையும். அரசு தரப்பு மனு போட்டால் இன்னொரு நிலையும் குறைந்து 23 ஆகும், அதாவது 46 முதல் 57 மாதம். விசாரணையில் சாட்சி சொல்லி, அது பொய் என்று நீதிபதி முடிவு செய்தால் 2 நிலை கூடி 78 முதல் 97 மாதம். வித்தியாசம் பெரிதுதான். ஆனாலும் 2005ல் உச்ச நீதிமன்றம் தந்த புக்கர் தீர்ப்புக்குப் பிறகு இந்த அட்டவணை நீதிபதியைக் கட்டுப்படுத்தாது, அவர் மனம் வைத்தால் இறங்கலாம்.

அவர் இறங்கவே முடியாத இடம் கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனை. 5 கிலோ கொகெய்ன் என்று குற்றச்சாட்டில் எழுதினால் 10 ஆண்டுக்குக் கீழே போக முடியாது. 500 கிராம் என்று எழுதினால் 5 ஆண்டு. எடையே குறிப்பிடாமல் எழுதினால் குறைந்தபட்சமே கிடையாது. போதைப்பொருள் விற்கத் தொலைபேசியைப் பயன்படுத்தினார் என்று மட்டும் எழுதினால் அதிகபட்சமே 4 ஆண்டு. முன் குற்றப் பதிவு குறைந்த சிலருக்குச் சட்டத்தில் விதிவிலக்கு உண்டு. மற்றவர்களுக்கு எந்தப் பிரிவில் வழக்கு என்பதே தண்டனையாகிவிடுகிறது. அந்தப் பிரிவைத் தேர்ந்தெடுப்பதில் நீதிபதிக்குப் பங்கில்லை. பேரப் பேச்சில் அவர் கலந்துகொள்ளக் கூடாது என்று ஃபெடரல் குற்றவியல் நடைமுறை விதி 11 தடுக்கிறது.

வெல்டன் ஏஞ்சலோஸ் வழக்கு உனக்கு நினைவிருக்கலாம். யூட்டா மாநிலத்தில் போலீஸ் தகவலாளி ஒருவரிடம் மூன்று முறை கஞ்சா விற்றவர், ஒவ்வொரு முறையும் சுமார் 350 டாலருக்கு. ஒப்புக்கொண்டால் 15 ஆண்டுக்குப் பரிந்துரைக்கிறோம் என்றார்கள். மறுத்தால் துப்பாக்கிப் பிரிவில், அதாவது போதைப்பொருள் குற்றத்தின்போது துப்பாக்கி வைத்திருந்ததற்கான பிரிவில், கூடுதல் குற்றச்சாட்டுகள் வரும், நூறு ஆண்டைத் தாண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். அவர் மறுத்தார், புதிய குற்றச்சாட்டுப் பத்திரம் வந்தது. ஜூரி துப்பாக்கிப் பிரிவில் மூன்றை ஏற்றது. முதலாவதற்கு 5, அடுத்த இரண்டுக்கும் தலா 25, ஒன்றன்பின் ஒன்றாக மொத்தம் 55 ஆண்டு. அநியாயம், கொடூரம், பகுத்தறிவுக்கே ஒவ்வாதது என்று எழுதிய நீதிபதி பால் காசெல், 2004ல் அதே 55 ஆண்டைத்தான் விதிக்க வேண்டியிருந்தது. ஏஞ்சலோஸ் 2016ல் வெளியே வந்தார். 2020ல் மன்னிப்பும் கிடைத்தது. ஒரே வழக்கில் 25 ஆண்டுகளை இப்படி அடுக்குவதை 2018ன் ஃபர்ஸ்ட் ஸ்டெப் சட்டம் நிறுத்தியது. 5 ஆண்டுகளை அடுக்கலாம் என்பது இன்றும் இருக்கிறது.

இப்படி மிரட்டுவது பழிவாங்கல் இல்லையா என்று கேட்பாய். 1978லேயே உச்ச நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது. கென்டக்கியில் பால் ஹேய்ஸ் என்பவர் மீது 88.30 டாலர் போலிக் காசோலை வழக்கு. ஒப்புக்கொண்டால் 5 ஆண்டு என்றார்கள். அவர் மறுத்ததும், பழைய குற்றங்களைக் காட்டித் தண்டனையை ஏற்றும் வாடிக்கைக் குற்றவாளிச் சட்டத்தைச் சேர்த்தார்கள். கிடைத்தது ஆயுள் தண்டனை. குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இருக்கும்வரை அப்படிச் சேர்ப்பது பேரத்தின் ஒரு பகுதிதான் என்று 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. அது மாநில வழக்கு என்றாலும் ஃபெடரல் அரசு வழக்கறிஞர்கள் நிற்பது அந்தத் தீர்ப்பின் மேல்தான்.

நடைமுறையில் ஆட்கள் சிக்கிக்கொள்ளும் இடங்களையும் சொல்கிறேன், தேன்மொழிக்கும் பயன்படும். முதலாவது, ப்ரொஃபர் என்கிற சந்திப்பு. அரசு தரப்புடன் உட்கார்ந்து தெரிந்ததை எல்லாம் சொல்வது. சொன்னதை நேரடியாக உனக்கு எதிரான சாட்சியமாக வைக்கமாட்டோம் என்று கடிதம் தருவார்கள். அதே கடிதத்தில், அங்கே கிடைத்த துப்பைப் பிடித்துக்கொண்டு புதிய ஆதாரம் தேடலாம் என்றும், பின்னால் மாற்றிச் சொன்னால் இதை எடுத்துக் காட்டலாம் என்றும் இருக்கும். ஒருவர் தன் பாதுகாப்பை இப்படி விட்டுக்கொடுப்பது செல்லும் என்று 1995ல் உச்ச நீதிமன்றத்தின் மெசனாட்டோ தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. பேரம் முறிந்தால் அந்த ஆள் சாட்சிக் கூண்டில் ஏறுவதே ஆபத்து. எதிர்வாதத்தின் முதுகெலும்பு அன்றைக்கே முறிந்துவிடுகிறது.

இரண்டாவது, ஒப்பந்தத்தின் வகை. ஒரு வகையில் குறித்த தண்டனை நீதிபதியைக் கட்டுப்படுத்தும். அவர் ஏற்க மறுத்தால் ஒப்புதலைத் திரும்பப் பெறலாம். இன்னொரு வகையில் அரசு வெறும் பரிந்துரைதான் செய்யும். நீதிபதி அதைவிடக் கூட்டிக் கொடுத்தாலும் திரும்பப் பெற முடியாது. கைவிட்ட குற்றச்சாட்டுகளின் விவரம்கூட தண்டனைக் கணக்கில் சேரலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. மேல்முறையீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் பத்தி பெரும்பாலும் கடைசிப் பக்கங்களில் இருக்கும். குடியுரிமை இல்லாதவர்கள் நாடுகடத்தலைப் பற்றித் தனியாகக் கேட்டே ஆக வேண்டும். தவறான ஆலோசனையால் ஒப்புக்கொண்ட கொரிய வியாபாரி ஒருவரின் ஒப்புதலை ரத்து செய்ய 2017ல் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

மூன்றாவது, ஆதாரம். சாட்சியின் நம்பகத்தைக் குலைக்கும் தகவலை ஒப்புதலுக்கு முன் கொடுக்க வேண்டிய அரசியலமைப்புக் கடமை அரசுக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றத்தின் 2002 ரூயிஸ் தீர்ப்பு சொல்கிறது. எதிர்ச்சாட்சி எப்படிப்பட்டவர் என்று தெரியாமலே ஒருவன் தன் பத்து ஆண்டுகளைப் பணயம் வைக்கிறான்.

அரசு தரப்பின் வாதத்தையும் நான் ஒதுக்கவில்லை. கூட்டுச்சதி வழக்கில் உள்ளிருந்து ஒருவர் பேசாமல் மேலே இருப்பவரை எட்டுவது கடினம். நம் கொழும்புத் தமிழர், முதலீட்டு நிதி நடத்திய ராஜ் ராஜரத்தினம் மீதான உள்தகவல் பங்கு வர்த்தக வழக்கில், ஒட்டுக்கேட்ட உரையாடல்களோடு அவருக்குத் தகவல் கொடுத்த அனில் குமாரின் சாட்சியமும் சேர்ந்தது. விசாரணைக்குப் போன ராஜரத்தினத்துக்கு 2011ல் 11 ஆண்டு. ஒப்புக்கொண்டு ஒத்துழைத்த குமாருக்கு 2012ல் சிறையே இல்லை, இரண்டு ஆண்டுக் கண்காணிப்பு மட்டும். ஒத்துழைப்புக்குச் சலுகை வேண்டும்தான். ஆனால் அந்த உதவிக்காகக் கட்டாயத் தண்டனைக்குக் கீழே இறங்க அரசு மனு போட்டாக வேண்டும். போட மறுத்தால் நீதிமன்றம் தலையிட ஏறக்குறைய வழியில்லை.

ஃபெடரல் அரசு வழக்கறிஞர்களுக்குத் தலைவரான அட்டர்னி ஜெனரல் மாறினால் கொள்கையும் மாறுகிறது. பழைய போதைப்பொருள் தண்டனையைக் காட்டிக் கட்டாயத் தண்டனையை ஏற்றும் மனுவை, ஒப்புதல் வாங்குவதற்காகவே போடக் கூடாது என்று 2014ல் எரிக் ஹோல்டர் எழுதினார். நிரூபிக்கக்கூடியதில் மிகக் கடுமையான குற்றச்சாட்டையே போடு என்று 2017ல் ஜெஃப் செஷன்ஸ் சொன்னார். 2022ல் மெரிக் கார்லண்ட் தளர்த்தினார், 2025ல் மறுபடி இறுகியது. ஒரு மனிதன் உள்ளே இருக்கும் ஆண்டுகள், அவன் எந்த ஆண்டில் பிடிபட்டான் என்பதைப் பொறுத்து இருக்கலாமா? ஹோல்டர் எழுதியது சட்டமாக வேண்டும், எல்லாப் பிரிவுகளுக்கும். ஆதாரம் முழுவதும் ஒப்புதலுக்கு முன்பே கைக்கு வர வேண்டும். முன்வைத்து மறுக்கப்பட்ட பேரமும் விதிக்கப்பட்ட தண்டனையும் பக்கத்தில் பக்கத்தில் பதிவாக வேண்டும். அப்போதுதான் இடைவெளி எவ்வளவு என்று மேல்முறையீட்டு நீதிபதி பார்க்க முடியும்.

உங்கள் இந்தியக் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 7 ஆண்டு வரையிலான குற்றங்களுக்கு மட்டுமே பேரம். எந்த அளவு குறையலாம் என்பதைப் பின்னமாகச் சட்டமே எழுதிவைத்திருக்கிறது, நீதிபதி தனியறையில் விசாரித்துச் சம்மதத்தை உறுதி செய்கிறார். அந்த அமைப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் குற்றச்சாட்டு வனைந்த 30 நாளுக்குள் மனு போட வேண்டுமாமே. அதற்குள் சட்ட உதவி வழக்கறிஞர் கிடைக்காதவர்களை உங்கள் மதுரை நீதிமன்றங்களில் என்ன செய்கிறார்கள்? அடுத்த கடிதத்தில் விவரமாக எழுது.

அன்புடன்,
சுந்தரம்