மூன்றாம் பக்கம், ஐந்தாம் பத்தி

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். மேற்குப் பென்சில்வேனியாவின் பழைய அமெரிக்கக் கால்பந்து அணி ஒன்றைப் பற்றி நான் எழுதிய விக்கிப்பீடியா கட்டுரை நிற்கிறது. நேற்று இரவு பதினொன்றரை மணிக்கு பக்கத்தின் தலையில் ஒட்டியிருந்த நீக்கல் வார்ப்புருவை, அதாவது நீக்கப் போகிறோம் என்ற அறிவிப்பை, எடுத்துவிட்டார்கள். படுக்கப் போனேன், தூக்கம் வரவில்லை. எழுந்து வந்து பக்கத்தை இன்னொரு முறை திறந்து பார்த்தேன். இருந்தது. விடிந்ததும் முதல் வேலையாக இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன், இன்னும் காபிகூடக் குடிக்கவில்லை.

சான்று இல்லை, நீக்கிவிடலாம் என்று ஒருவர் முன்மொழிந்தார், பேசித் தீர்க்க ஏழு நாள் கெடு. அதற்குமேல் என்ன நடந்தது என்று திரும்பச் சொல்லப் போவதில்லை. அந்த ஏழு நாளும் உரையாடல் பக்கத்தை வரிக்கு வரி படித்துக்கொண்டு என்னோடு விழித்திருந்தவர்கள் நீங்கள். உங்களில் பலர் தமிழில்தான் எனக்குத் தைரியம் சொன்னீர்கள், அதனால் இந்த நன்றியும் தமிழிலேயே வருகிறது.

முதலில் ஒரு நூலகர் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு ஆங்கிலத்தில் தனியாகக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன், இன்று தபாலில் சேர்த்துவிடுவேன். ஆனாலும் அவர் செய்தது என்னவென்று உங்களுக்கும் தெரிய வேண்டும். உரையாடல் பக்கத்தில் அவர் பெயர் எங்கேயும் வரவில்லை. கடைசி மூன்று சான்றுகள் எங்கிருந்து வந்தன என்று நிறையப் பேர் கேட்டீர்கள். அவரிடமிருந்துதான்.

மூன்றாம் நாள் மாலை, வேறு வழி தெரியாமல், மேற்குப் பென்சில்வேனியாவில் அந்த ஊர்ப் பொது நூலகத்துக்கு எழுதினேன். அந்த ஊர்ப் பத்திரிகை இன்னும் இணையத்துக்கு வரவில்லை, பக்கங்களைச் சிறிதாகப் படமெடுத்து வைத்த மைக்ரோஃபிலிம் சுருளாக அங்கே மட்டும் இருக்கிறது. 1896 நவம்பர், ஆட்டம் நடந்த சனிக்கிழமையின் தேதியைப் போட்டு, அன்றைய இதழில் ஆட்டத்தைப் பற்றி ஏதாவது இருந்தால் அந்தப் பக்கத்தின் படம் ஒன்று கிடைக்குமா என்று கேட்டேன். கெடுவைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. அது அவருடைய கவலை இல்லையே. இப்படிக் கேட்டால் பதில் வருவதற்குப் பத்துப் பதினைந்து நாளாவது ஆகும். எங்களிடம் மீதி இருந்தது நான்கு நாள்.

மறுநாள் மாலை நான்கு மணிக்கே பதில் வந்துவிட்டது. ஆறு படங்கள் இருந்தன.

கூடவே அவர் எழுதியிருந்தது இதுதான்: நீங்கள் கேட்ட தேதியில் பத்திரிகையே வெளிவரவில்லை. அது வியாழக்கிழமைதோறும் வந்த வார இதழ். அதனால் ஆட்டத்துக்கு முந்தைய வியாழன், பிந்தைய வியாழன், அதற்கும் அடுத்த வியாழன் மூன்றையும் ஓட்டிப் பார்த்தேன், மூன்றிலும் செய்தி இருக்கிறது.

நான் கேட்டதே தவறாக இருந்தது. அந்தத் தேதியில் இதழ் இல்லை என்று ஒரே வரியில் பதில் அனுப்பியிருந்தாலும் அவர்மேல் குறை சொல்ல முடியாது. கேள்விக்கு அதுதான் சரியான பதிலும்கூட. அவர் என் கேள்வியை விட்டுவிட்டு, எனக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று யோசித்திருக்கிறார்.

முந்தைய வியாழன் இதழில் அணிப் பட்டியல் இருந்தது, முழுப் பெயர்களோடு. இந்தக் காலத்து ஆட்டங்களைத் தேடுகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். பெருநகரப் பத்திரிகைகள் குடும்பப் பெயரை மட்டும் போடும், அதையும் மூன்று பத்திரிகையில் மூன்று விதமாக எழுதும். ஒரே ஆளா, அண்ணன் தம்பியா என்று தெரியாமல் மாதக் கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம்.

பிந்தைய வியாழன் இதழில் ஆட்டத்தின் வர்ணனை. உரையாடலில் நமக்கு எதிராக நின்ற பெரிய கேள்வி, ஒரு பத்திரிகை 10–0 என்கிறது, இன்னொன்று 8–0 என்கிறது, எதை நம்புவது என்பதுதானே. பந்தோடு எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டுவதுதான் டச் டவுன். இன்று அதற்கு 6 புள்ளி. 1896இல் 4 புள்ளிதான், அதற்குப் பிறகு உதைக்கும் கோலுக்கு 2. ஆக, இரண்டு டச் டவுன் மட்டும் என்றால் 8, அதில் ஒன்றுக்குக் கோலும் விழுந்திருந்தால் 10. இரண்டுமே நடக்கக் கூடியது, ஆகையால் கணக்குப் போட்டுத் தீர்க்க முடியாது. தீர்க்கவும் கூடாது, சொந்த ஆய்வு நம் வேலை இல்லை. அந்த வார இதழ் இதைத் தெளிவாக எழுதி வைத்திருந்தது. முதல் உதை குறி தவறிப் போயிருக்கிறது. இரண்டாவதை முதலில் கோல் என்று சொல்லிவிட்டு, எதிரணி கேப்டன் ஆட்சேபித்த பிறகு ரத்து செய்திருக்கிறார்கள். படித்தபோது நாற்காலியில் உட்கார முடியவில்லை.

அதற்கும் அடுத்த வியாழன் இதழை நான் கேட்கவே இல்லை, கேட்கத் தோன்றியிருக்கவும் செய்யாது. அதில் அரைப் பத்தி (பக்கத்தில் மேலிருந்து கீழாக ஓடும் அச்சு வரிசையைத்தான் பத்தி என்கிறேன்) நீளத்துக்கு அந்த அணி எப்படித் தொடங்கியது, எங்கே பயிற்சி செய்தது, அந்தப் பருவம் எப்படிப் போனது என்று ஒரு கட்டுரை. வெறும் ஆட்ட முடிவு மட்டும் போதாது, விரிவாக எழுதிய சான்று வேண்டும் என்று கேட்டவர்களுக்குப் பதில் அங்கேதான் இருந்தது.

ஆனால் என்னை உலுக்கியது இது எதுவும் இல்லை. மூன்று பக்கம், ஆனால் ஆறு படம். ஒவ்வொரு பக்கத்தையும் முழுசாக ஒரு முறை, செய்தி இருக்கும் பத்தியை மட்டும் நெருக்கமாக இன்னொரு முறை எடுத்திருக்கிறார். ஒரு பக்கத்தில் மடிப்பு விழுந்து எழுத்து இருட்டாக இருந்திருக்கிறது, வெளிச்சத்தைக் கூட்டி எடுத்தேன், படிக்க முடிகிறதா பாருங்கள் என்று எழுதியிருந்தார். ஒவ்வொரு படத்துக்கும் கீழே சுருள் எண், இதழ் தேதி, பக்கம், பத்தி. மூன்றாம் பக்கம், ஐந்தாம் பத்தி.

பத்தி எண்ணை யாருமே தருவதில்லை, நானும் தந்ததில்லை. அந்தக் காலத்துப் பத்திரிகையில் ஒரு பக்கத்துக்கு ஏழு பத்தி இருக்கும், எழுத்து எறும்பு ஊர்வது மாதிரி இருக்கும், தலைப்பு இல்லாமலே செய்தி தொடங்கிவிடும். பக்க எண் மட்டும் இருந்தால் சரிபார்க்க வருகிறவர் அரை மணி நேரம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தேட வேண்டும். பாதிப்பேர் தேடாமலே போய்விடுவார்கள். எனக்குப் பிறகு இந்தச் சான்றைத் தேடி வரப்போகும் யாரோ ஒருவருக்காக அவர் அதை எழுதியிருக்கிறார். எவ்வளவு பணம் அனுப்ப வேண்டும் என்று கேட்டதற்கு, காகிதத்தில் அச்செடுத்தால்தான் கட்டணம், மின்னஞ்சலுக்கு இல்லை என்று பதில் போட்டார். அவ்வளவுதான் எங்களுக்குள் பேச்சு.

நேற்று ராத்திரி முழுக்க இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நாம் எழுதுகிற இந்த வரலாறே இப்படி யாரோ எடுத்து வைத்த ஒற்றைத் தாள்களில்தானே நிற்கிறது. 1869 நவம்பர் 6 அன்று நியூ பிரன்ஸ்விக்கில் ரட்கர்ஸ் கல்லூரியும் பிரின்ஸ்டன் கல்லூரியும் அணிக்கு 25 பேரோடு ஆடி ரட்கர்ஸ் 6–4 என்று ஜெயித்த ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மாதமே ரட்கர்ஸ் மாணவர் பத்திரிகையான டார்கம் அதை எழுதி வைத்தது. அந்தத் தாள் இல்லாமல் போயிருந்தால் பல வருஷம் கழித்து ஆடியவர்கள் நினைவிலிருந்து சொன்னது மட்டும்தான் நம் கையில் இருக்கும்.

அதைவிடப் பெரியது ஹெஃபல்ஃபிங்கர் என்ற ஆட்டக்காரரின் கதை. காசு வாங்கி ஆடிய முதல் ஆள் ஜான் பிராலியர் என்றுதான் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். 1895இல் லட்ரோப் அணிக்காக ஆட 10 டாலரும் செலவும் வாங்கினார். அந்தப் பெயரோடுதான் அவர் 1960இல் காலமானார். அப்புறம் அந்தப் பத்தாண்டுகளிலேயே அலிகெனி அத்லெடிக் அசோசியேஷனின் கணக்குத் தாள் ஒன்று வெளிச்சத்துக்கு வந்தது. 1892 நவம்பர் 12 அன்று பிட்ஸ்பர்க் அத்லெடிக் கிளப்போடு ஆடிய ஆட்டத்துக்காக ஹெஃபல்ஃபிங்கருக்கு 500 டாலர் ரொக்கம் என்று ஒரு வரி. எதிரணி நழுவவிட்ட பந்தை எடுத்துக்கொண்டு ஓடி அன்றைய ஒரே டச் டவுனைப் போட்டவர் அவர்தான், ஆட்டம் 4–0. அந்த ஒரு வரியால் தொழில்முறை ஆட்டத்தின் தொடக்கம் மூன்று வருஷம் பின்னால் போனது. கான்டனில் இருக்கும் தொழில்முறைக் கால்பந்து அருங்காட்சியகமான ஹால் ஆஃப் ஃபேம் அந்தத் தாளைப் பிறப்புச் சான்றிதழ் என்றே சொல்கிறது. வரவு செலவுத் தாள்தானே, எதற்கு என்று யாராவது குப்பையில் போட்டிருந்தால்? அதை எடுத்து வைத்த கைகளும், அந்த நூலகத்தில் சுருளைத் தூசு தட்டி மாட்டிய கைகளும் எனக்கு ஒன்றாகவே தெரிகின்றன.

சரி, மற்றவர்கள். உங்கள் எல்லோரையும் ஒரே மூச்சில் சொல்வது நியாயமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் ஃபுட் பால் என்று இரண்டு சொல்லாகத்தான் அச்சிட்டார்கள், சேர்த்துத் தேடினால் கிடைக்காது, இடைவெளி விட்டுத் தேடுங்கள், அணி என்று தேடாமல் லெவன் (பதினொருவர்) என்று தேடுங்கள் என்று இரண்டாம் நாள் சொல்லிக்கொடுத்த நண்பருக்கு நன்றி. அதற்குப் பிறகுதான் பிட்ஸ்பர்க் பத்திரிகைகளே வழிக்கு வந்தன. பழைய ஸ்பால்டிங் ஆட்டக் கையேடுகளைப் புரட்டி அந்தந்த வருஷத்துப் புள்ளி விதிகளைச் சரிபார்த்துக் கொடுத்த இருவருக்கும், என் கோபமான பதில்களைப் பதிப்பதற்கு முன்னால் வாங்கிப் படித்து, இதை இப்போது போடாதீர்கள் என்று தடுத்த அக்காவுக்கும், இரவு இரண்டு மணிக்குச் சான்று வார்ப்புருக்களைச் சரிசெய்தவருக்கும், ஏழு நாளும் வீட்டு வேலை ஒன்றையும் என்மேல் போடாத என் மனைவிக்கும் நன்றி.

நீக்கச் சொல்லி முன்மொழிந்தவருக்கும் மனசாரச் சொல்கிறேன். அவர் கேட்டது நியாயமான கேள்வி. சான்று இல்லாமல் இரண்டு வருஷம் அந்தப் பக்கம் அப்படியே கிடந்தது, எழுதியவன் நான்தான். புதிய சான்றுகளைப் படித்த ஒரு மணி நேரத்துக்குள் தன் முன்மொழிவை அவராகவே திரும்பப் பெற்றுக்கொண்டார். அவர் கேட்காமல் விட்டிருந்தால் நான் அந்த நூலகத்துக்கு எழுதியிருக்கவே மாட்டேன், அந்தப் பதினொரு பேரும் இன்றைக்கும் வெறும் குடும்பப் பெயர்களாகவே இருந்திருப்பார்கள்.

இனி நான் சேர்க்கும் எந்தப் பத்திரிகைச் சான்றும் பத்தி எண் இல்லாமல் போகாது. பழையவற்றையும் திருத்தப் போகிறேன். தூக்கம் வராத நேரத்தில் பதினொன்று முடித்திருக்கிறேன், இன்னும் நிறைய இருக்கிறது. யாராவது என்னிடம் ஒரு பக்கம் கேட்டால் அதற்கு முந்தைய இதழையும் பிந்தைய இதழையும் பார்த்துவிட்டுத்தான் பதில் போடுவேன். நான் சொன்னபடி செய்யவில்லை என்றால் என் பேச்சுப் பக்கத்தில் வந்து கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. 1897 சுருளும் இங்கே இருக்கிறது, உங்களுக்காக எடுத்து வைக்கட்டுமா என்று அந்த அம்மா கேட்டிருக்கிறார். வரும் சனிக்கிழமை போகிறேன். நூலகம் பத்து மணிக்குத் திறக்கும், படிக்கும் இயந்திரம் ஒன்றுதான், ஆனால் பார்த்து எழுதிக்கொள்ள இரண்டு மூன்று பேர் இருந்தால் நல்லது. காரில் இரண்டு இடம் இருக்கிறது. வருகிறவர்கள் வெள்ளிக்கிழமை இரவுக்குள் சொல்லுங்கள்.

அன்புடனும் நன்றியுடனும்,
உங்கள் சக தொகுப்பாளன்