ஹைடல்பெர்க்கில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள கயலுக்கு,

காய்ச்சல் விட்டதா? கஞ்சியாவது வைத்துக் குடித்தாயா? "இந்த வைரஸெல்லாம் எதுக்கும்மா உலகத்துல இருக்கு" என்று போனில் அலுத்துக்கொண்டாயே, விலங்கியல் நடத்திய எனக்கு அதைக் கேட்டுவிட்டு சும்மா இருக்க முடியவில்லை. அதிலும் நீ குடியிருக்கும் ஊரிலேயே அதற்கு ஒரு அருமையான பதில் கிடைத்திருக்கிறது.

கடல்நீர் ஒரு மில்லி எடுத்தால் அதில் ஏறக்குறைய 1 கோடி வைரஸ் இருக்கும். பயப்படாதே, பெரும்பாலும் பாக்டீரியாவையும் ஒருசெல் உயிரிகளையும் பிடிப்பவைதான். அப்படி ஒரு ஒருசெல் உயிரிக்குப் பெயர் கஃபெட்டீரியா. பாக்டீரியாவைத் தின்று வாழும், அதைத் தின்ன அதைவிடப் பெரியவை வரும். இதைக் கொல்வதற்கென்றே க்ரோவ் என்று ஒரு ராட்சத வைரஸ் உண்டு. ஃப்ளூ வைரஸுக்குப் பத்துச் சொச்சம் மரபணு இருந்தால் பெரிது, க்ரோவுக்கு 500-க்கும் மேல்! செல்லுக்குள் புகுந்து, தன்னைப் போலவே நிறைய செய்துகொண்டு, செல்லை உடைத்துக்கொண்டு வெளியே வரும்.

இனிமேல்தான் விஷயமே. அந்த க்ரோவையே அண்டிப் பிழைக்கும் இன்னொரு குட்டி வைரஸ் இருக்கிறது, மாவைரஸ் என்று 2011-ல் அறிவித்தார்கள். சுமார் 20 மரபணுதான். தனியாக அதனால் பெருக முடியாது, க்ரோவ் கொண்டுவரும் சாமான்களை எடுத்துத்தான் பெருகும், அதனால் க்ரோவ் பெருகுவது படுத்துவிடும். இந்த மாவைரஸ் கஃபெட்டீரியாவின் டிஎன்ஏவுக்குள்ளேயே போய் ஒட்டிக்கொள்ளும், செல் பிரியும்போதெல்லாம் அதுவும் பிள்ளை, பேரன் என்று கூடவே போகும். ஹைடல்பெர்க் மாக்ஸ் பிளாங்க் ஆராய்ச்சி நிறுவனத்தில் மத்தியாஸ் ஃபிஷரும் தாமஸ் ஹாக்லும் 2016-ல் காட்டியது என்ன தெரியுமா, க்ரோவ் உள்ளே வந்ததும் சும்மா கிடந்த மாவைரஸ் விழித்துக்கொள்கிறது. ஆனால் அந்த செல் பிழைப்பதில்லை. அது உடையும்போது க்ரோவோடு சேர்ந்து மாவைரஸும் வெளியே வருகிறது, அடுத்தடுத்த செல்களுக்குள் க்ரோவோடு மாவைரஸும் புகுந்து க்ரோவைப் பெருகவிடாமல் அடக்கிவிட, கூட்டம் பிழைத்துவிடுகிறது.

இதைத் தியாகம் என்று நான் சொல்ல மாட்டேன், செல்லுக்கு ஏது மனசு. ஒரே செல்லிலிருந்து பிரிந்து வந்த கூட்டம் என்றால் பக்கத்தில் இருப்பவையும் அதே மரபணுக்காரர்கள்தானே, அதனால் இந்த ஏற்பாடு நிலைத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் நோய் தரும் இனத்திலேயே ஒன்று வம்சம் வம்சமாக உள்ளே கிடந்து கூட்டத்தைக் காப்பது எனக்குப் பெரிய ஆச்சரியம்தான்.

உடம்பு தேறியதும், அந்த நிறுவனத்தில் பொதுமக்களுக்கான பேச்சு ஏதாவது நடந்தால் போய் உட்கார். எனக்காக ஒன்று கேட்டுச் சொல்: ஆய்வுக்கூடக் குடுவையில் செல்களெல்லாம் நெருக்கமாக இருக்கும், சரி, அலையும் நீரோட்டமும் பிரித்துப் போடும் திறந்த கடலில் இந்தக் காவல் எவ்வளவு தூரம் எட்டும்?

அன்புடன்,
அம்மா