பாதி எழுதிய நோட்டுகளுக்காக ஒரு விண்ணப்பம்

மதிப்பிற்குரிய தாளாளர் ஐயா அவர்களுக்கும் முதல்வர் அம்மா அவர்களுக்கும்,

வணக்கம். ஜூன் பிறந்தால் பள்ளி வளாகத்தில் நோட்டு வாங்க வரிசை நிற்பது உங்களுக்குத் தெரியாததல்ல. நானும் நின்றேன். ஏழாம் வகுப்புக்குப் பள்ளிப் பெயர் அச்சிட்ட நோட்டுகள் 14. பணம் கட்டி ரசீதும் வாங்கிவிட்டேன். அதைப் பற்றிப் பேச வரவில்லை.

பேச வந்தது போன வருட நோட்டுகளைப் பற்றி. பழைய பேப்பர் கடைக்குப் போடக் கட்டி வைத்திருந்ததை மகள் பிரித்துப் பார்த்தாள். சமூக அறிவியல் நோட்டு 192 பக்கம், 70-ஆம் பக்கத்தோடு நின்றுவிட்டது. பொது அறிவு நோட்டில் ஒன்பதே பக்கம் எழுத்து, மீதியெல்லாம் வெள்ளை. பின்னைக் கழற்றி, எழுதாத தாள்களை மட்டும் அடுக்கினாள். அவளுடைய அப்பத்தா கோணி ஊசியால் அவற்றைத் தைத்து, பழைய காலண்டர் அட்டையை மேலட்டையாக வைத்துக் கொடுத்தார். இரண்டு ராத்திரி வேலை. பிரவுன் ஷீட் போட்டு, லேபிளில் ‘ரஃப் நோட்டு’ என்று எழுதி எடுத்துப் போனாள்.

அன்று சாயங்காலமே அது திரும்பி வந்துவிட்டது. ‘பள்ளி நோட்டுக்கு மட்டுமே அனுமதி’ என்று டைரியில் சிவப்பு மையில் ஒரு வரி. வகுப்பு ஆசிரியையைக் குறை சொல்லவில்லை, அவர் விதியைச் சொன்னார். விதி உங்களுடையது. பிள்ளை அழக்கூட இல்லை. “அப்பத்தாகிட்ட சொல்லிடாதீங்கப்பா” என்றாள், அவ்வளவுதான்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. போன வருட நோட்டில் மிச்சமிருக்கும் தாளில் இந்த வருடம் எழுத அனுமதியுங்கள்.

அதே வாரம் ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினம் வந்தது. ‘காகிதத்தைக் குறைப்போம், மரங்களைக் காப்போம்’ என்று சுற்றறிக்கை. முழு ஏ4 தாளில் ஐந்து வரி, பின்பக்கம் காலி. அதே ஐந்து வரி முதல் நாளே வாட்ஸ்அப்பிலும் வந்திருந்தது. கூடவே, விழிப்புணர்வு வாசகம் எழுத ஆளுக்கொரு சார்ட் பேப்பர் வாங்கி வரவேண்டுமாம். ஏ4 தாள் ஒன்று ஏறக்குறைய 5 கிராம். ஆயிரம் பிள்ளைகள் என்றால், காகிதத்தைக் குறைக்கச் சொல்வதற்கு மட்டும் 5 கிலோ காகிதம்! அந்தச் சார்ட்டெல்லாம் இப்போது எங்கே என்று நான் கேட்கவில்லை.

கரும்புச் சக்கையில்தானே காகிதம் செய்கிறார்கள் என்று பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். கரூர் புகழூர் காகித ஆலையில் சக்கை போகிறது, உண்மைதான். கூடவே தைலமரம் போன்ற மரங்களும் போகின்றன. புதுக்கோட்டை மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இதைப் பாடமாக நடத்த வேண்டியதே இல்லை. நம் பள்ளி வேனே தைலமரக் காட்டைத் தாண்டித்தான் வருகிறது. அந்த மரம் நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்று நம் விவசாயிகள் எத்தனை வருடமாக மனு கொடுக்கிறார்கள்! அதுவும் காகிதத்தில்தான்.

ப்ராஜெக்ட் என்றால் ஜெராக்ஸ் கடையில் கலர் பிரிண்ட், ஸ்பைரல் பைண்டிங். மார்க் போட்டதும் அது பரணுக்குப் போய்விடும். பிள்ளை அதில் கற்றது என்னவென்று கேட்டால், கடைக்காரருக்குத்தான் தெரியும். ஒரே பாடத்துக்கு வகுப்பு நோட்டு, வீட்டுப்பாட நோட்டு, தேர்வு நோட்டு என்று மூன்று. சரி, எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. சுற்றறிக்கை வாட்ஸ்அப்பில் வந்தால் தாளில் வேண்டாம். போன் இல்லாத வீட்டுக்கு மட்டும் தாளில் கொடுங்கள். ஒர்க் ஷீட்டை இரண்டு பக்கமும் அச்சிடுங்கள். இவை முடிந்தபோது செய்யுங்கள். ஆனால் பழைய நோட்டு விஷயத்தை மட்டும் இந்த வாரமே தயவுசெய்து முடிவு செய்யுங்கள். மேலட்டையில் பள்ளிப் பெயர் இருந்தே ஆகவேண்டும் என்றால், உங்கள் முத்திரையைக் குத்திக் கொடுங்கள், போதும்.

திங்கட்கிழமை அந்தத் தைத்த நோட்டை மறுபடியும் கொடுத்தனுப்புகிறேன். திருப்பி அனுப்பாமல் இருக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அப்பா