முதல் பிரிவுக் கல்லூரி விளையாட்டுக்கான படிப்புத் தகுதி

குழுவில் உள்ள பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டுகளை நெறிப்படுத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் முதல் பிரிவில், அதாவது மிக உயர்ந்த நிலையில் உள்ள கல்லூரி அணிகளில் விளையாட விரும்பும் பிள்ளைகள், உயர்நிலைப் பள்ளியில் 16 அடிப்படைப் பாடங்களை முடித்து, அவற்றுக்கு மட்டும் கணக்கிடப்படும் ஜி.பி.ஏ. (4.0 அளவுகோலில் சராசரி மதிப்பெண்) 2.3க்குக் குறையாமல் பெற்றிருக்க வேண்டும். எஸ்.ஏ.டி., ஏ.சி.டி. ஆகிய கல்லூரிச் சேர்க்கைத் தேர்வுகளின் மதிப்பெண்களை இத்தகுதிக்குக் கேட்பதை 2023இல் நீக்கிவிட்டார்கள்.

பலர் கவனிக்கத் தவறும் விதி ஒன்று உண்டு. அந்த 16இல் 10 பாடங்களை 12ஆம் வகுப்பு தொடங்குமுன்பே முடித்தாக வேண்டும். அவற்றுள் 7 பாடங்கள் ஆங்கிலம், கணிதம், அறிவியல் ஆகியவற்றைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும் என்பதோடு, 12ஆம் வகுப்பு தொடங்கிய பின் அந்தப் பத்தில் எதையும் மீண்டும் படித்து ஜி.பி.ஏ.வை உயர்த்திக்கொள்ளவும் இயலாது. கடைசி ஆண்டில் ஈடுசெய்துவிடலாம் என்ற எண்ணம் இங்கே உதவாது என்பதை மிகுந்த அக்கறையோடு சொல்கிறேன். ஆகவே, பிள்ளை படிக்கும் பாடங்கள் என்.சி.ஏ.ஏ. ஏற்ற பட்டியலில் உள்ளனவா என்பதை 9ஆம் வகுப்பிலேயே பள்ளி ஆலோசகரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கல்லூரியில் சேர்ந்த பிறகும், பட்டப்படிப்பில் இரண்டாம் ஆண்டு முடிவில் 40 சதவீதமும், மூன்றாம் ஆண்டு முடிவில் 60 சதவீதமும் நிறைவடைந்திருக்க வேண்டும். முதன்மைப் பாடத்தை மாற்றினால் இந்தச் சதவீதமும் மாறக்கூடும் என்பதால், இடையில் மாற்ற நினைப்பவர்கள், அதற்கான படிவத்தில் கையெழுத்திடுமுன் கல்லூரியின் தகுதி அலுவலரிடம் இக்கணக்கைச் சரிபார்க்கவும்.