முதியோர் உதவித்தொகை மனுக்களைக் காரணம் சொல்லாமல் தள்ளுபடி செய்வதை நிறுத்தக் கோரும் மனு

அனுப்புநர்
களப்பணியாளர் (ஏழைக் குடும்பங்கள் அரசு உதவி பெற மனு செய்து கொடுக்கும் பணி)

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்

பொருள்: முதியோர் உதவித்தொகை – வீட்டுக்கு வந்து விசாரித்த பிறகே முடிவெடுக்கவும், தள்ளுபடிக்கான காரணத்தை எழுத்தில் தரவும் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா, வணக்கம்.

பதினோரு ஊர்களில் வீடு வீடாகப் போய், யாருக்கு எந்த உதவி கிடைக்க வேண்டுமோ அதற்கு மனு எழுதி, இ-சேவை மையத்தில் பதிந்து, பணம் கைக்கு வரும்வரை கூடவே அலைவது என் வேலை. ஒன்பது வருடமாகச் செய்கிறேன். மனு தள்ளுபடியானால்கூட மனசைத் தேற்றிக்கொள்கிறார்கள். ஏன் என்று தெரியாமல் அலைவதுதான் அவர்களை உடைத்துவிடுகிறது.

எங்கள் பகுதியில் 71 வயதுப் பாட்டி ஒருவர் தனியாக இருக்கிறார். கணவர் இல்லை. சித்தாள் வேலை பார்த்தவர், இப்போது இடுப்பு வளையவில்லை. அவருக்கு போன் கிடையாது என்பதால் என் நம்பரைக் கொடுத்துப் பதிந்தோம். இரண்டு மாதம் கழித்து நிராகரிக்கப்பட்டதாக ஒரு வரிக் குறுஞ்செய்தி வந்தது. அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் மஞ்சப் பையோடு வந்து உட்கார்ந்தார். ஆதார், குடும்ப அட்டை, கணவரின் இறப்புச் சான்று, வங்கிப் புத்தகம் என்று ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் உறையிலிருந்து உருவித் தரையில் பரப்பினார். "இதுல எது தப்புன்னு பாத்துச் சொல்லு தாயி" என்றார். எதிலும் தப்பில்லை.

இரண்டு பஸ் மாறி மூன்று முறை அலுவலகத்துக்குப் போனோம். மூன்றாம் முறைதான் ஓர் ஊழியர் வாய்வார்த்தையாகச் சொன்னார்: "கார்டுல மகன் பேர் இருக்கே, அப்புறம் எப்படி ஆதரவற்றவர்?" அந்த மகன் திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போய் ஆறு வருடமாகிறது. வரவும் இல்லை, ஒரு ரூபாய் அனுப்பவும் இல்லை. தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கேட்கத்தான் யாரும் வரவில்லை.

ஆதரவற்றவர்களுக்குத்தான் இந்தத் தொகை என்பது நியாயமான விதி. ஆனால் ஆதரவு இருக்கிறதா என்பதை அட்டையில் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது, அடுப்படியில் பார்க்க வேண்டும். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவத்தில் பாட்டிக்கு சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. 2025 ஆகஸ்டிலிருந்து தாயுமானவர் திட்டத்தில் முதியோர் வீடுகளுக்கு ரேஷன் பொருள்களும் வாசலுக்கே போகின்றன. உதவித்தொகை விசாரணைக்கும் ஒருமுறை அந்த வாசல்வரை வர முடியும் அம்மா.

2023 ஆகஸ்டில் அரசு இந்தத் தொகையை 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆக உயர்த்தியது. அந்தப் பணம் வந்தால் பாட்டி பக்கத்து வீட்டுச் சோற்றுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆகவே, கிராம நிர்வாக அலுவலர் நேரில் வந்து அக்கம்பக்கம் விசாரித்து எழுதிய குறிப்பு இல்லாமல் எந்த மனுவையும் தள்ளுபடி செய்யக் கூடாது என்று உத்தரவிட வேண்டுகிறேன். தள்ளுபடி செய்தால் காரணம் என்ன, எந்தச் சான்று கொடுத்தால் மறுபடி பார்ப்பார்கள், யாரிடம் மேல்முறையீடு செய்வது என்பதைத் தமிழில் ஒரு தாளில் தர வேண்டும். கடந்த ஒரு வருடத்தில் காரணமில்லாமல் தள்ளுபடியானவற்றை, புதிதாகப் பதியச் சொல்லாமல், குறுவட்ட அளவில் முகாம் போட்டு மறுவிசாரணை செய்ய வேண்டும். முகாமுக்கு ஆட்களை அழைத்து வருவதையும் காகிதங்களைச் சரிபார்த்து வைப்பதையும் நானே பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
களப்பணியாளர்

இணைப்பு: பாட்டியின் மனு ஒப்புகைச் சீட்டு நகல், தெருவாசிகள் கையொப்பமிட்ட கடிதம்.