எந்த பேக்கரிக்குப் போகலாம் என்று கேட்ட மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய ‘நகரின் தலைசிறந்த பேக்கரிகள்’ பட்டியலைப் படித்தேன். பாதிக்கு மேல் ஒரே மாதிரிக் கடைகள். அதே க்ரோசான் என்ற அடுக்கு ரொட்டி, அதே வெள்ளைச் சுவர், அதே மர மேசை. எங்கெங்கிருந்தோ மக்கள் வந்து குடியேறிய ஊருக்கு இப்படி ஒரு பட்டியல் போட்டால், எழுதியவர் தன் தெருவைத் தாண்டவில்லை என்றுதான் அர்த்தம். அதைத் தூக்கி ஓரமாக வை.

அடுப்படியிலேயே காலம் தள்ளியவன் என்பதால்தானே என்னிடம் கேட்டாய்? நான் கடைப் பெயர் சொல்லப் போவதில்லை. கடைக்குள் நுழைந்ததும் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். ஒவ்வொரு பேக்கரியிலும், கடைக்காரர் தன் சொந்த ஜனங்களுக்காக எதைச் செய்கிறாரோ அதை, அது அடுப்பிலிருந்து இறங்கும் நேரத்தில் வாங்கு. போர்ச்சுகீசியர் கடைக்குப் போய் சாக்லேட் கேக் கேட்காதே. ஊருக்காக வைத்திருக்கும் கேக் எல்லாக் கடையிலும் ஒன்றுதான்.

நேரம் என்று சொன்னேன் அல்லவா, அதைச் சாதாரணமாக நினைக்காதே. ‘இங்கே எது நல்லா இருக்கும்’ என்று கேட்டால் விற்காமல் நிற்பதைக் கைகாட்டுவார்கள். ‘அடுத்த ட்ரே எப்போது வரும்’ என்று கேள். யூதர்களின் பேக்கரி பெரும்பாலும் சனிக்கிழமை மூடியிருக்கும், ஆகவே பின்னல் போட்ட ஹல்லா ரொட்டிக்கு வெள்ளிக்கிழமை காலையிலேயே போய்விடு. ரமலான் மாதத்தில் துருக்கியர் கடையில், நோன்பு திறப்பதற்குச் சற்று முன்னால் பிதே ரொட்டிக்கு வரிசை தெருவரை வந்துவிடும். வட்டமான ரொட்டி, மேலே விரலால் அழுத்திய கட்டங்கள், எள்ளும் கருஞ்சீரகமும் தூவியிருக்கும். அந்த வரிசையில் நீயும் போய் நில். பக்கத்தில் நிற்பவரிடம் பேச்சுக் கொடுத்தால் இன்னும் நாலு கடை தெரியவரும்.

க்ரோசானை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. நல்ல க்ரோசான் செய்வது பெரிய வித்தை. வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும். அதனால் மாவையும் வெண்ணெயையும் குளிரவைத்துக் குளிரவைத்துத்தான் மடிக்க வேண்டும். மூன்றாக மடிப்பதை மூன்று முறை செய்தால் 27 அடுக்கு வெண்ணெய். அப்புறம் பொங்க வைக்கும் இடம் சூடாகிவிட்டால் அத்தனை உழைப்பும் ட்ரேயில் எண்ணெயாக ஓடிவிடும். வாங்கியதும் குறுக்கே வெட்டிப் பார். உள்ளே தேன்கூடு மாதிரி பெரிய பெரிய அறைகள் தெரிய வேண்டும். நடுவில் ஈரமாவு கோடாகப் படிந்திருந்தால் பொங்குவதற்கு முன்பே அவசரப்பட்டு அடுப்பில் தள்ளியிருக்கிறார்கள். தின்ற பிறகு மேலண்ணத்தில் மெழுகு பூசியது போல இருந்தால் அது வெண்ணெயே இல்லை, எண்ணெயில் செய்த மாற்று வெண்ணெயான மார்ஜரின். பிரான்சில் நேராக நீண்டிருப்பது வெண்ணெயில் செய்தது, பிறை போல வளைந்தது மார்ஜரினாக இருக்கலாம் என்று ஒரு வழக்கம் உண்டு. மற்ற ஊர்களில் அந்தக் கணக்கை நம்பாதே.

‘பிரெஞ்சு பேக்கரி’ என்று பலகை மாட்டியிருப்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பிரான்சில் ரொட்டியைப் பிசைவதிலிருந்து சுடுவது வரை அந்தக் கடையே செய்தால்தான் ‘பூலாஞ்சரி’, அதாவது ரொட்டிக்கடை, என்று போட்டுக்கொள்ளலாம், 1998-இல் இருந்து சட்டமே இருக்கிறது. ஆனால் அது ரொட்டிக்குத்தான். க்ரோசான் உறைநிலையில் பெட்டியில் வந்து, கடையில் வெறுமனே சுடப்படுவது அங்கேயே நடக்கிறது. எனவே வெட்கப்படாமல் ‘மாவை இங்கேயே மடிக்கிறீர்களா’ என்று கேள். மடிக்கிறவர் முகமெல்லாம் சிரிப்பாகப் பதில் சொல்வார். மடிக்காதவர் பேச்சை மாற்றுவார்.

‘எது ஒரிஜினல்’ என்ற சண்டை பேக்கரிகளில் அடிக்கடி காதில் விழும். அதில் நீ மாட்டிக்கொள்ளாதே. க்ரோசானின் மூதாதை வியன்னாவின் பிறை ரொட்டி. ஆகஸ்ட் சாங் என்ற ஆஸ்திரியர் 1830களின் கடைசியில் பாரிஸில் வியன்னா பாணி பேக்கரி திறந்தார், அங்கிருந்து அது பரவியது. இன்றுள்ள அடுக்கடுக்கான க்ரோசான் அதற்கும் வெகுநாள் பின்னால் பாரிஸில் உருவானது. 1683-இல் துருக்கியப் படையை விரட்டியதைக் கொண்டாட வியன்னாவில் பிறை வடிவில் செய்தார்கள் என்று யாராவது அளந்தால் கேட்டுக்கொள், கதை நல்ல கதைதான், ஆதாரம் கிடையாது. அடுக்கு மாவில் செய்யும் இனிப்பு ரொட்டியை நாம் ‘டேனிஷ்’ என்கிறோமே, அதை டென்மார்க்கில் ‘வியன்னா ரொட்டி’ என்கிறார்கள். இப்போது சொல், யாருடையது ஒரிஜினல்?

உன் ஊரில் நான் வந்து பார்க்க ஆசைப்படுவது எக் டார்ட்டைத்தான், மாவு ஓட்டுக்குள் முட்டைக் கஸ்டர்ட் ஊற்றிச் சுடும் சின்னப் பலகாரம். போர்ச்சுகீசியர் கடையிலும் கிடைக்கும், ஹாங்காங்காரர் கடையிலும் கிடைக்கும். இரண்டையும் ஒரே நாளில் வாங்கு. போர்ச்சுகலில் மடங்களில் பிறந்த பண்டம் இது. துறவிகளின் உடைக்குக் கஞ்சி போட முட்டை வெள்ளை போய்விடும், மிஞ்சிய மஞ்சள்கருவில் இனிப்பு செய்தார்கள் என்பார்கள். 1834-இல் அங்கே மடங்களை மூடினார்கள். மூன்று வருடம் கழித்து, 1837-இல், லிஸ்பனின் பெலெம் பகுதியில் ஜெரோனிமோஸ் மடத்துப் பக்கத்திலேயே தொடங்கிய கடை இன்றும் நடக்கிறது, செய்முறை இன்றும் ரகசியம். போர்ச்சுகீசிய டார்ட்டைக் கடுஞ்சூட்டில் சுடுவார்கள். மேலே அங்கங்கே கருகிய புள்ளி இருக்கும், அது குறை இல்லை, அப்படித்தான் இருக்க வேண்டும். பஃப் மாவைப் பாய் மாதிரி சுருட்டி, துண்டு போட்டு, அச்சில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி ஏற்றுவார்கள். அதனால் நன்றாகச் செய்ததைத் திருப்பிப் பார்த்தால் அடியில் சுருள் சுருளாகக் கோடு ஓடும்.

ஹாங்காங் டார்ட் அதற்கு நேர் எதிர். மேற்பரப்பு கண்ணாடி போல மினுமினுக்கும், ஒரு பொட்டுக் கருகல்கூட இருக்கக்கூடாது. லேசாக ஆட்டினால் நடு மட்டும் தளும்ப வேண்டும். ஓட்டிலும் இரண்டு வகை, பிஸ்கட் மாதிரி உதிர்வது ஒன்று, பஃப் மாதிரி அடுக்காகப் பிரிவது இன்னொன்று. எனக்கென்னவோ உதிர்வதுதான் பிடிக்கும். இரண்டுக்கும் நடுவில், ஹாங்காங்குக்குப் பக்கத்து ஊரான மக்காவின் டார்ட் என்று ஒன்று இருக்கிறது. 1989-இல் ஆண்ட்ரூ ஸ்டோ என்ற ஆங்கிலேயர் மக்காவில் கடை போட்டு, போர்ச்சுகீசிய டார்ட்டை ஆங்கிலேய கஸ்டர்டின் கைப்பக்குவத்தில் செய்தார். மேலே கருகல் போர்ச்சுகல், உள்ளே கஸ்டர்ட் இங்கிலாந்து, தின்று பிரபலமாக்கியவர்கள் சீனர்கள்!

சீனர் பேக்கரியில் ‘பைனாப்பிள் பன்’ பார்த்து ஏமாறாதே, அதில் அன்னாசி ஒரு துளி இருக்காது. பன்னின் மேல் சர்க்கரை மாவைப் போர்த்திச் சுடும்போது அது வெடித்து அன்னாசித் தோல் போல ஆகும், அவ்வளவுதான். சூடாக இருக்கும்போது நடுவில் கீறி ஒரு கட்டி வெண்ணெய் வைத்துக் கொடுப்பார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடாதே. மெக்சிகோக்காரர் கடைக்குப் போனால் இதே போர்வையில் சிப்பி மாதிரி கோடு போட்டு ‘கோன்சா’ என்பார்கள். ஜப்பானியர் கடையில் கட்டம் போட்டு ‘மெலன் பான்’. மூன்றையும் ஒரு தட்டில் வைத்துப் பார்த்தால் உனக்கே வேடிக்கையாக இருக்கும். ஜப்பானியர் கடையில் ‘அன்பான்’ இருந்தால் அதையும் வாங்கு. 1874-இல் டோக்கியோவில் கிமுரா கடையில் தொடங்கியது, உள்ளே இனிப்புப் பயறு விழுது. பிசுபிசுவென்று தித்திக்காது, அளவான இனிப்பு.

வளையம் போன்ற ரொட்டியான பேகலுக்கு ஒரு சோதனைதான். சுடுவதற்கு முன் கொதிநீரில் போட்டு எடுத்தார்களா என்று பார். எடுத்திருந்தால் தோல் பளபளவென்று, கடிக்கும்போது இழுக்கும். இல்லாவிட்டால் அது ஓட்டை போட்ட பன்.

மெல்லிய மாவுத் தாள்களை அடுக்கி, நடுவில் பருப்பு வைத்துப் பாகு ஊற்றும் பக்லாவாவுக்குக் கண் தேவையில்லை, காதும் மூக்கும் போதும். முள்கரண்டியை நேராக மேலிருந்து குத்தினால் அடுக்குகள் நொறுங்கும் சத்தம் கேட்க வேண்டும். மூக்கில் முதலில் நெய் வாசம் வர வேண்டும், சர்க்கரைப்பாகு இல்லை. அடியிலுள்ள மாவுத் தாள் ஊறிக் கொழகொழத்திருந்தால் பழசு. துருக்கியின் காசியான்தெப் ஊர் பக்லாவாவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2013-இல் புவிசார் பாதுகாப்பே கொடுத்தது, பிஸ்தாவும் நெய்யும் அவ்வளவு கண்டிப்பு.

ஒரு விஷயம், பன்றிக் கொழுப்பு வேண்டாம் என்பவர்களை உடன் அழைத்துப் போனால் முன்கூட்டியே கேட்டுவிடு. பழைய முறையில் செய்யும் சீன, மெக்சிகோ பலகாரங்கள் பலவற்றில் அது இருக்கும். முட்டை சாப்பிடாதவர்கள் என்றால் பளபளப்புக்கு மேலே எதைத் தடவினார்கள் என்றும் கேள்.

வாங்கிய ரொட்டியை ஃப்ரிட்ஜில் வைக்காதே. அந்தக் குளிரில்தான் மாவுச்சத்து வேகமாக இறுகி ரொட்டி விறைத்துப்போகும். ஒன்று வெளியே வை, இல்லையென்றால் துண்டு போட்டு ஃப்ரீசரில் வை. மீந்த க்ரோசானை மைக்ரோவேவில் சூடாக்கினால் ரப்பர்தான். ஓவனில் நாலைந்து நிமிடம் போதும்.

சனிக்கிழமை லீவுதானே? இரண்டு எக் டார்ட்டையும் வாங்கிப் படம் அனுப்பு. மேலே எல்லாரும்தான் எடுக்கிறார்கள், எனக்கு அடிப்பக்கம் தெரிய வேண்டும்.

அன்புடன்,
அப்பா