கால் தரையில் பட்டால் பாதியா?

பெர்லின்,
ஞாயிறு இரவு

அன்புள்ள மலர்,

அம்மாவின் முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. பயிற்சி கொடுத்து அவங்களை வதைக்காதே என்று நான் சொல்வேன் என எதிர்பார்க்காதே. பிசியோதெரபிக்காரி நான், வதைக்கத்தான் சொல்வேன். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. அழுதால் என் பேரைச் சொல்லித் திட்டிக்கொள்ளட்டும்.

ஆளைக் கயிற்றால் கட்டவும் கட்டித் தூக்கவும் சொல்லித்தருகிற கயிறு வகுப்புக்குப் போகிறேன் என்று போன கடிதத்தில் இரண்டே வரிதான் எழுதினேன். நீ ஒன்றரைப் பக்கத்துக்குக் கேள்வி அனுப்பியிருக்கிறாய்! "இது அந்த மாதிரி விஷயமா?" ஆமாம்டி, வருகிற பலருக்கு அந்த மாதிரிதான். ஒளிக்க ஒன்றுமில்லை. எல்லாரும் வளர்ந்தவர்கள், பேசி ஒப்புக்கொண்டு செய்வது, வேண்டாம் என்றால் அந்த நொடியே நிறுத்துவது. ஜப்பானில் எடோ காலத்தில் (1603–1868) கைதிகளைக் கயிற்றால் கட்டுவதற்கென்றே ஒரு கலை இருந்தது, ஹோஜோஜுட்சு. அந்தக் கட்டுகளைப் பிற்பாடு சித்திரத்துக்கும் புகைப்படத்துக்கும் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் இட்டோ செயு என்ற ஓவியர் (1882–1961). இன்று ஷிபாரி, கின்பாகு என்று உலகம் முழுக்கச் சொல்லித்தருகிறார்கள். ஆறு மில்லிமீட்டர் சணல் கயிறு, ஒரு துண்டு ஏழு எட்டு மீட்டர். கையில் எடுத்தால் நம்மூர் மளிகைக்கடை வாசனை.

உன் அடுத்த கேள்விதான் என்னை இரண்டு வாரமாக யோசிக்க வைத்தது. "பாதித் தொங்கல், முழுத் தொங்கல் என்கிறாயே, எங்கே கோடு கிழிப்பது?"

வகுப்பில் சொல்வது சுலபம். உடம்பில் ஏதாவது ஒரு பாகம் தரையில் பட்டால் பாதி, எதுவுமே படாவிட்டால் முழுசு. நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். போன மாதம் ஒருநாள், கூட வருகிற பெண் ஒருத்தி விளையாட்டாக வீட்டுக் குளியலறையிலிருந்து எடை மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தாள். என்னை அதன் மேல் நிற்க வைத்து, மார்பைச் சுற்றிய கட்டிலிருந்து மேலே வளையத்துக்குக் கயிறு போட்டு இழுத்தார்கள். முதலில் 58 கிலோ. கயிறு விறைத்ததும் 50. இன்னும் இழுத்தபோது 37, குதிகால் மேலே போய்விட்டது. அப்புறம் 9. கட்டைவிரல் மெஷினில்தான் இருந்தது, நன்றாகவே பட்டுக்கொண்டிருந்தது. ஆனால் மீதி 49 கிலோ என் விலா எலும்பின் மேல் இருந்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது பாதித் தொங்கல்தான்.

உங்கள் வீட்டு ஊஞ்சலை நினைத்துக்கொள். பலகையில் உட்கார்ந்து காலால் தரையை உந்துவோமே, அப்போது நம் எடை எங்கே இருந்தது? சங்கிலியில். கால் பட்டது என்பதற்காக அதை நிற்பது என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

அதனால் என் கணக்கு இப்போது வேறு. கால் படுகிறதா என்று கேட்கமாட்டேன். கட்டப்பட்டவள் நினைத்த மாத்திரத்தில் தன் எடையைத் தன் காலில் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமா என்று கேட்பேன். முடிந்தால் பாதி. முடியாவிட்டால், விரல் தரையில் உரசினாலும் எனக்கு அது முழுசுதான். வகுப்பில் இதைச் சொன்னேன், பாதிப் பேர் ஒத்துக்கொள்ளவில்லை. போகட்டும்.

பாதி என்றால் ஆபத்தும் பாதி என்று ஒரு நினைப்பு இருக்கிறதே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. முழுசாகத் தூக்கும்போது மார்பு, இடுப்பு, தொடை என்று எடையைப் பிரித்துத்தான் கட்டுவார்கள். பாதியில் பெரும்பாலும் ஒரே ஒரு கயிறுதான். நிற்கிறவளுக்குத் தலைசுற்றி முட்டி மடங்கினால், 58 கிலோவும் ஒரே நொடியில் அந்த ஒரு கட்டுக்கு வந்துசேரும், அதுவும் விழுகிற வேகத்தோடு. கத்தரிக்கோல் பக்கத்திலேயே இருக்கும். ஆனால் பாரம் தாங்குகிற கயிற்றை, ஆளைப் பிடித்துக்கொள்ள யாரும் இல்லாமல் வெட்டினால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை.

எனக்கு ஒரு தடவை கையில் அடிபட்டதும் ஒரு பாதித் தொங்கலில்தான். மார்போடு மேற்கைகளையும் சேர்த்துக் கட்டியிருந்தது. ஒரு கால் தரையில் இருக்கிறதே என்ற தைரியத்தில் இருபது நிமிஷம் அப்படியே இருந்துவிட்டேன். அவிழ்த்ததும் தேநீர்க் கோப்பையை எடுக்கப் போனால் வலது மணிக்கட்டு நிமிரவில்லை. கட்டைவிரலைத் தூக்கு என்கிறேன், அது யாரோ வீட்டுப் பிள்ளை மாதிரி கிடக்கிறது. வலி துளியும் இல்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில், புறங்கையில் மட்டும் மரத்துப்போயிருந்தது. மேற்கை எலும்பின் பின்பக்கமாகச் சுற்றி வெளிப்பக்கம் இறங்குகிற ரேடியல் நரம்பைக் கயிறு அழுத்தியிருக்கிறது. குடித்துவிட்டு நாற்காலியின் முதுகில் கையைத் தொங்கப்போட்டுத் தூங்கிவிட்டு வருகிறவர்களிடம் இதையே எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! என் கையில் வந்தபோது, சரியாகிவிடும் என்று தெரிந்தும் பயந்துபோனேன். மூன்று வாரம் பட்டி போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போனேன். நோயாளிகள் கேட்டபோது சைக்கிளிலிருந்து விழுந்தேன் என்று சொல்லிவைத்தேன்.

இப்போதெல்லாம் கட்டு ஏறினதும் நிமிஷத்துக்கொரு தடவை மணிக்கட்டை நிமிர்த்திப் பார்க்கிறேன், கால் எங்கே இருந்தாலும் சரி.

உன் தம்பிக்கு இதைப் படித்துக்காட்டினால், ஃபேன் கொக்கியில் கயிறு மாட்டிப் பார்க்கலாமா என்று கேட்பான். அவன் கேட்கக்கூடியவன்தான். நாலைந்து கிலோ விசிறிக்காகப் போட்ட கொக்கிடி அது. பாதியோ முழுசோ, மேலே இருக்கிற கொக்கி ஆளின் முழு எடையையும் உலுக்கலோடு தாங்கியாக வேண்டும். இங்கே உத்தரத்தில் போல்ட் போட்டு, மலை ஏறுகிறவர்கள் வைத்திருக்கும் உலோக வளையம் மாட்டியிருக்கிறார்கள். அதையும் ஒவ்வொரு வகுப்புக்கு முன்னால் இரண்டு பேர் தொங்கிப் பார்த்த பிறகுதான் தொடுவார்கள்.

வீட்டை விற்கப் போவதாகக் கடைசி வரியில் எழுதியிருந்தாய், அதையும் ஏதோ மளிகைச் செலவு மாதிரி. விலை படிந்துவிட்டதா? ஊஞ்சலை வாங்குகிறவர்களுக்கு விட்டுவிடாதே. பலகை உனக்கு. சங்கிலி நாலையும் கழற்றி எனக்கு எடுத்துவை, டிசம்பரில் வரும்போது வாங்கிக்கொள்கிறேன்.

உன்,
தேவி